குதிரை பார்த்து நின்ற திசை

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் எழுந்ததும் முதலில் பின்னறை மின்விசிறியை நிறுத்தினேன். பல் துலக்கியது அதற்குப் பிறகுதான். அறையில் பறக்கும் தூசி அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும் என்று ஸ்கேனரோடு வந்த குறிப்பில் போட்டிருக்கிறது. தூசி பறந்தால் நெகட்டிவில் ஒட்டும். ஒட்டியது படத்தில் வெள்ளைப் புழுவாகத் தெரியும். பாளையங்கோட்டையில் சித்திரை வெயிலில் காற்றில்லாத அறைக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அந்தக் குறிப்பில் போடவில்லை.

ஸ்கேனரை மஸ்கட்டிலிருந்து கொடுத்துவிட்டது காந்திமதி மதினி, இவருடைய அக்கா. மாமாவுக்கு, இவருடைய அப்பாவுக்கு, ஜூன் முதல் தேதி எண்பது முடிகிறது. மின்வாரியத்தில் இருந்த காலத்தில் மாமா எடுத்த படங்கள் எல்லாம் விருந்தன்று கூடத்து டிவியில் ஓட வேண்டுமாம். யோசனை மதினியுடையது. "அருமையான யோசனை" என்றது இவர். உட்கார்ந்து செய்ய வேண்டியது நான்.

"நீ வீட்லதான இருக்க" என்றார் இவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டில் ஏன் இருக்கிறேன் என்பது எல்லாருக்கும் மறந்துவிட்டது. மாமா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். "அப்பா எந்திரிச்சு நடக்கட்டும், அப்புறம் போ" என்றார்கள். மாமா எழுந்துவிட்டார். நடந்துவிட்டார். இப்போது வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போய், பேப்பர் போடுகிறவனிடம் நேரமாகிவிட்டதென்று சண்டை போடுகிறார். நான் இன்னும் வீட்டில்தான் இருக்கிறேன்.

மாமாவின் கட்டிலடியில் இருந்து பச்சைத் தகரப்பெட்டியை இழுத்து வந்தேன். அதற்குள்தான் எல்லாம். ஸ்டுடியோ உறைகள், அட்டைச் சட்டமிட்ட ஸ்லைடுகள், பாச்சா உருண்டை வாசனை.

கோபமெல்லாம் இல்லை. வேலை எப்படி என்று எழுதி வைக்கலாம் என்றுதான் இந்த நோட்டை எடுத்தேன்.

ஏப்ரல் 30, புதன்

முதல் நாள் செய்தது முழுக்க வீண். நெகட்டிவுக்கு இரண்டு பக்கம். ஒன்று பளபளப்பு, இன்னொன்று மங்கல். பளபளப்பான பக்கம் கீழே இருக்க வேண்டும். நான் மாற்றி வைத்துவிட்டேன். எல்லாப் படமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறி விழுந்துவிட்டது. மாமா இடதுகையால் கையெழுத்துப் போடுகிறார். பெண்களுக்கெல்லாம் முந்தானை வலது தோளில். முந்தானையைப் பார்த்துத்தான் தப்பே தெரிந்தது.

இனி அதுதான் என் சோதனை. படத்தில் பெண் இருந்தால் தோளைப் பார். பெண் இல்லாவிட்டால் வேட்டி மடிப்பைப் பார். மின்கம்பம் மட்டும் இருந்தால் கடவுள் விட்ட வழி. மாமா மின்கம்பங்களை நிறைய எடுத்திருக்கிறார்.

மே 2, வெள்ளி

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாலு படம் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம்.

"மங்கை, நான் பட்டுப்பாவாடை கட்டி குத்தாலத்துல நிப்பனே, அது எங்க?" இது மதினி. "என் கேமரா முதல்ல எடுத்த படம் வாசக்கதவு. அதத் தேடு." இது மாமா, பக்கத்து அறையிலிருந்தபடியே குரல்பதிவாக. "கொஞ்சம் பளிச்சுனு பண்ண முடியாதா?" இது இவர், வங்கியில் உட்கார்ந்துகொண்டு.

ஒரு படத்தை ஒழுங்காக எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரப்பர் குமிழால் காற்றடித்து, பருத்தி உறை போட்ட கையால் ஓரத்தைப் பிடித்து, சுருண்டுகொள்ளும் படச்சுருளைச் சட்டத்துக்குள் படியவைத்து, மூடி, காத்திருந்து, பார்த்தால் மூலையில் ஒரு முடி. என் தலைமுடிதான். நரைத்தது.

மே 5, திங்கள்

அக்கினி நட்சத்திரம் நேற்றே தொடங்கிவிட்டது.

ஜெசிந்தா மேடம் கூப்பிட்டார்கள். எங்கள் துறைத்தலைவி. அவர்களுக்குச் சுற்றிவளைக்கத் தெரியாது.

"மங்கை, ஒரு இடம் காலி. உன் இடந்தான். ஜூன் ரெண்டு காலைல பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடு."

"வீட்ல கேட்டுட்டு போன் பண்ணுதேன் மேடம்."

"போன் பண்ணாத. போன வருஷம் போன்ல சரின்ன, மறுநாளே இல்லைன்ன. இந்தத் தடவ ஆளப் பாத்தாத்தான் நம்புவேன். நீ வரலைன்னா பத்தரைக்கு அடுத்த புள்ளயக் கூப்பிட்டுருவேன். நல்லா படிச்ச புள்ள. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல." போனை வைக்கும்முன், "ஆனா நீ வந்தா நல்லாருக்கும்" என்றார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். இவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "யாரும் உன்னப் போவேண்டாம்னு சொல்லலையே" என்றார். "போ. தாராளமாப் போ. அப்பாவுக்கு மத்தியானச் சாப்பாடு மட்டும் யோசிக்கணும். வெளியாள் கையால சாப்பிட மாட்டாக. அப்புறம் பிசியோதெரபிக்காரர் வந்தா கதவு திறக்க ஆளு வேணும். மத்தபடி ஒண்ணுமில்ல."

மாமா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "ஆவுடையும் வேலைக்குப் போலாம்னுதான் இருந்தா. படிச்சவதான. கைக்குழந்தையோட அலைய வேண்டாம்னு அவளா விட்டுட்டா. யாரும் போவேண்டாம்னு சொல்லல."

ஆவுடையம்மாள் என் மாமியார். போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்த வாக்கியத்தை மாமா என்னிடம் சொல்வது முதல் தடவை அல்ல. வேலையை நான் விட்டபோதும் இதையேதான் சொன்னார். பாராட்டாக.

மே 6, செவ்வாய்

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. கோபமில்லை.

மே 9, வெள்ளி

இன்று முழுக்க ஸ்லைடுகள். கொடைக்கானல், அணைக்கட்டு, மின்வாரியக் குடியிருப்பில் பொங்கல். நிறம் சிவப்பாக ஓடிவிட்டது, சரிசெய்யலாம். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே வைத்தேன். அவை அழகாகத்தான் இருக்கின்றன, பனிப்பூக்கள் மாதிரி. அடியில் இருக்கும் முகத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன.

அத்தை இருக்கிற படங்கள் குறைவு. இருக்கிறவற்றிலும் யாருக்காவது பரிமாறிக்கொண்டு, குனிந்துகொண்டு, பாதி முதுகு. நேராகக் கேமராவைப் பார்க்கிற படம் ஒன்றே ஒன்றுதான். கூடத்தில் மாட்டி, சந்தனப்பொட்டு வைத்து, தினமும் நான் பூப்போடுகிற படம். மார்பளவில் அத்தை, இடுப்பில் குழந்தை மதினி. ஆல்பத்தில் அதே படத்துக்குக் கீழே மாமாவின் கையெழுத்தில் இருக்கிறது: "காந்தி பிறந்து வீட்டுக்கு வந்த நாள், 1975." பிரசவம் முடிந்து தாய்வீட்டிலிருந்து வந்திறங்கிய நாளாம். எப்படிச் சிரிக்கிறாள் பாருங்கள் என்று மாமா எல்லாரிடமும் காட்டுவார். சிரிப்பு உண்மையில் அப்படித்தான் இருக்கிறது. நான் பார்த்த அத்தை அப்படிச் சிரித்ததில்லை.

எனக்குத் தெரிந்த அத்தை அதிகம் பேசமாட்டாள். ஒன்று நினைவிருக்கிறது. நான் கல்லூரிக்குப் போன நாளெல்லாம் எனக்கு முன்னால் விறுவிறுவென்று போய் வாசல் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள். அடுப்பில் எது கொதித்தாலும் சரி. "நான் திறந்துக்கிட மாட்டேனா அத்தை?" என்று கேட்டிருக்கிறேன். "நீ போ" என்பாள். அவ்வளவுதான். அவசரப்படுத்துகிறாள், நான் வெளியே போவதில் இவளுக்கு இவ்வளவு நிம்மதியா என்று எரிச்சல்கூடப் பட்டிருக்கிறேன்.

மே 14, புதன்

கூடத்துப் படத்தின் நெகட்டிவ் கிடைத்தது.

முதலில் அதுதான் என்று தெரியவில்லை. கருப்புவெள்ளைச் சுருள், ஆறு படம் கொண்ட துண்டு. மென்பொருள் தானாகவே ஓரங்களை வெட்டி, தனக்குப் பிடித்ததை மட்டும் காட்டும். அந்த வசதியை நிறுத்திவிட்டு, சுருளின் ஓரத்துத் துளைவரிசை தெரிய முழுத் துண்டையும் எடுத்தேன். இடம்வலம் மாறியிருந்தது. வெக்கையில் கவனம் சிதறிவிட்டது போல. முந்தானை வலது தோளில். திருப்பிவைத்து மறுபடி எடுத்தேன்.

அத்தை. இடுப்பில் குழந்தை. அதே சிரிப்பு. ஆனால் ஆள் முழுதாக நிற்கிறாள், இந்த வீட்டு வாசலில். காலுக்குப் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி. பெட்டியின் முகப்பில் வெள்ளைப் பெயின்ட்டில், புதிதாக எழுதிய பளபளப்போடு:

ஆவுடையம்மாள், பி.ஏ., பி.டி.
வாசுதேவநல்லூர்

பி.டி. அந்தக் காலத்து ஆசிரியர் படிப்பு. அத்தையின் ஊர் அம்பாசமுத்திரம். வாசுதேவநல்லூரில் எங்களுக்கு யாரும் கிடையாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. குழந்தைக்குக் கழுத்து நின்று, பல்லும் முளைத்திருக்கிறது. பிறந்து வந்த குழந்தை இல்லை அது.

மே 15, வியாழன்

ஆல்பத்தில் படங்களை யாரும் இடம் மாற்றி ஒட்டலாம். நெகட்டிவில் முடியாது. எது முன்னால் எது பின்னால் என்பது ஓரத்தில் எண்ணாக அச்சாகியிருக்கிறது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், வாசலில் அத்தை, குழந்தை, பெட்டி. அடுத்து, குதிரைவண்டி. வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கி ஏற்றுகிறார். குதிரை தெருமுனையைப் பார்த்து நிற்கிறது, பஸ் நிலையம் போகிற பக்கம். வந்திறங்கும் வண்டி இப்படி நிற்காது.

மூன்றாவது, அத்தை ஒரு காலை வண்டிப்படியில் வைத்திருக்கிறாள். தலை வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. சிரிப்பு இருக்கிறது, ஆனால் அணையப்போகிறது. நான்காவதில் அத்தை இல்லை. எங்கள் வாசற்படி. படிமேல் மாமாவின் அப்பா. வெள்ளை வேட்டி, மேல்துண்டு, கைகட்டி நிற்கிறார். முகத்தில் கோபம்கூட இல்லை.

ஐந்தாவது, கூடம். அதே பெட்டி சுவரோரம். மேலே சேலை ஒன்றை நாலாக மடித்து விரித்திருக்கிறது. அதன்மேல் குழந்தை உட்கார்ந்து கைதட்டுகிறது. பெயர் எழுதிய முகப்பு சுவர்ப்பக்கம்.

ஆறாவது, ஒரு மின்கம்பம்.

மே 16, வெள்ளி

பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன். மாமாவுக்கு மாத்திரை கொடுத்தேன். பிசியோதெரபிக்காரருக்குக் கதவு திறந்தேன். துணி காயப்போட்டேன். பிறகு பின்னறைக்குப் போய் அந்தப் பச்சைப் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

தாழ்ப்பாளின் இரண்டு பக்கமும் தகரத்தில் அடித்த தாமரை. படத்திலிருக்கும் பெட்டியிலும் அதே தாமரை.

விளக்கை அணைத்துவிட்டு முகப்பில் விரலை ஓட்டினேன். பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் மேடு. கோடு, வளைவு, கோடு. யாரோ கனமாக, அழுத்தி, இரண்டு பூச்சுப் பூசியிருக்கிறார்கள். ஆனாலும் எழுத்து மேடாகத்தான் இருக்கிறது.

இந்தப் பெட்டிக்குள்தான் ஐம்பது வருஷமாக அந்த நெகட்டிவ் இருந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக நான் இதன் அடியில் துடைப்பம் விட்டுக் கூட்டியிருக்கிறேன்.

நகப்பூச்சு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஓரமாகத் தேய்த்துப் பார்த்தேன். பச்சை வந்தது. அதோடு "ஆ"வின் சுழியில் பாதியும் வந்துவிட்டது. நிறுத்திவிட்டேன். கரைப்பானுக்கு மேல்பூச்சு எது, எழுத்து எது என்று தெரியாது. பாடமாகச் சொல்லிக்கொடுத்தவள்தான் நான்.

மே 20, செவ்வாய்

இவரிடம் காட்டினேன். கணினி முன்னால் உட்காரவைத்து, வரிசையாக.

நான்காவது படத்தில் நிறுத்தச் சொன்னார். "எங்க தாத்தா நல்ல உயரம்" என்றார்.

"அத்தை வேலைக்குக் கிளம்பியிருக்காங்க. பாதி ஏறினவங்கள இறக்கியிருக்காங்க."

"இறக்குனாகன்னு படத்துல எங்க இருக்கு? அவுக நிக்காக. நிக்கக் கூடாதா?"

"பெட்டி திரும்பி வந்திருக்கே."

"மங்கை, அதெல்லாம் அந்தக் காலம். நல்ல நாளும் அதுவுமா எல்லாரும் இருக்கையில இதப் போட்டு... முதல் படத்த மட்டும் போடு. பெட்டிய வெட்டிரு. கூடத்துல மாட்டியிருக்குல்ல, அதே மாதிரி."

"ஏற்கனவே ஒரு தடவ வெட்டியாச்சு" என்றேன்.

"அப்ப இன்னொரு தடவ வெட்டுததுல என்ன?" என்றார். பிறகு, நல்லவராகவே, "உனக்கு ஜூன் ரெண்டு டென்ஷன். அதான் எதப் பாத்தாலும் அப்படித் தெரியுது. யாரும் உன்னப் போவேண்டாம்னு சொல்லலையே."

நான் கையுறையைக் கழற்றாமல் இருந்திருக்கிறேன். பல்லால் கடித்துக் கழற்றியபோது நுனி கிழிந்துவிட்டது.

மே 23, வெள்ளி

மாமாவிடம் கேட்டுவிட்டேன். காலைச் சாப்பாடு முடிந்து, ஏசி அறையில், பேப்பரை மடித்து வைத்த பிறகு. கைபேசியில் முதல் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது பிரிண்ட்ல இல்லையே."

"நெகட்டிவ்ல இருக்கு மாமா."

"ம்."

"பெட்டிய யாரு வெட்டச் சொன்னது?"

"நாந்தான். ஸ்டுடியோக்காரன்ட்ட சொன்னேன். மார்பளவு போதும்னு." பொய் சொல்லவில்லை. அதற்கு நான் தயாராக இல்லை. "தெனம் பாக்கணும்ல. கூடத்துல மாட்டுதது."

"வாசுதேவநல்லூர்ல வேலை கிடைச்சுதா?"

"பொம்பளப் புள்ளைக பள்ளிக்கூடம். ஒரு வீடும் பாத்து வச்சிருந்தேன். துணைக்கு அவுக சித்தி ஒருத்தி வாரதா இருந்துச்சு. வாராவாரம் நான் போயிட்டு வாரதுன்னு பேச்சு. பேரெழுதுனதுகூட நாந்தான் ஆள் பிடிச்சு எழுதுனேன்." கொஞ்சம் பெருமை இருந்தது குரலில். "வண்டி வந்தாச்சு. எங்கப்பா வந்து படியில நின்னாக."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கிளம்பும்போது போவாதன்னு சொல்லக் கூடாதுல்ல, அபசகுனம். எங்கப்பா சாஸ்திரம் மீற மாட்டாக. சும்மா நின்னாக. ஆவுடை திரும்பிப் பாத்தா. போயிட்டு வாரேன் மாமான்னா. அவுக பதில் சொல்லல. ரெண்டாந்தடவையும் சொன்னா. நின்னுக்கிட்டே இருந்தாக. அப்புறம் அவளா இறங்கிட்டா."

"நீங்க?"

"கையில கேமரா இருந்துச்சு" என்றார் மாமா. "வேற என்ன செய்யன்னு தெரியல."

எனக்குக் கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தது. கேட்டேன். "அப்புறம் கூடத்துல பெட்டி மேல மதினிய உக்காரவச்சு எதுக்கு எடுத்தீங்க?"

"ரோல்ல ரெண்டு படம் மிச்சம் இருந்துச்சு. முடிச்சாத்தான கழுவக் குடுக்க முடியும்."

எழுந்து வந்துவிட்டேன். மாமா பின்னாலிருந்து, "மங்கை, அன்னைக்கு அதப் போடாத" என்றார். கெஞ்சல் மாதிரி இருந்தது. அடுப்படிக்கு வந்து இஞ்சியைத் தட்டினேன், தேவையே இல்லாமல், நிறைய.

மே 24, சனி

பாவமாக இருக்கிறது என்று எழுதினால் கோபம் குறைந்துவிடும். எழுதமாட்டேன்.

மே 29, வியாழன்

மதினி வந்தாயிற்று. பெட்டிகள், பேரீச்சம்பழம், கட்டியணைப்பு. மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவுக்கு இவள்தான் தலைமை. வந்த வேகத்தில் அடுப்படியில் என் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தாள்.

"அம்மா இருந்தா என்ன சொல்லுவா தெரியுமா? வெங்காயத்த நான் உரிச்சுக்கிடுதேன், நீ போய் லேப்டாப்பத் திறன்னுவா. என் கல்யாணத்துக்கு மாப்பிள்ள பாக்கும்போது அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. பொண்ணு வேலைக்குப் போவா, உங்க வீட்ல பெரியவுக யாரு இருக்காக? அவுக வீட்ல பெரியவுக யாரும் இல்ல. உடனே சரின்னுட்டா. என்னட்டி இது, அனாதையாப் பாத்துக் கட்டுதியேன்னு அப்பா கேலி பண்ணுவாக."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டாள்.

படங்களைப் பற்றி அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. பேச்சு அந்தப் பக்கம் போகவில்லை என்று எழுதலாம்.

மே 31, சனி

பூ, வாழையிலை, பால் சொல்லியாயிற்று. சமையல்காரர் வந்து அண்டா பார்த்துவிட்டுப் போனார். படங்களை வரிசைப்படுத்தி டிவியில் ஓட்டிப் பார்த்தேன். இவர் பின்னால் நின்று, "அந்த இதுல்லாம் எடுத்துட்டல்ல?" என்றார். "வெட்டல" என்றேன். "அப்ப சேக்காத" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு எனக்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஜெசிந்தா மேடத்துக்குப் போன் பண்ணவில்லை. பண்ண வேண்டாம் என்றுதானே சொன்னார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

விருந்து முடிந்தது. பாத்திரம் கழுவ ஆள் வந்திருக்கிறாள். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

சேர்த்துத்தான் போட்டேன். வரிசை மாறாமல், ஒன்றையும் வெட்டாமல், துளைவரிசையோடு. வாசல், வண்டி, வண்டிப்படியில் கால், மாமாவின் அப்பா, கூடத்தில் பெட்டி, மின்கம்பம். குத்தாலத்துக்கும் கொடைக்கானலுக்கும் நடுவில். கூடம் நிறைய ஆள். பாயசத்தம்ளரோடு எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் என்னைப் பார்த்தார்.

அத்தை வந்ததும், "ஆவுடை, ஆவுடை" என்று கூடம் கலகலத்தது. படத்தில் முழு உருவமாக அவளை யாரும் பார்த்ததில்லை. "எவ்வளவு உயரம் பாரு" என்றார் இவருடைய சித்தப்பா.

"இது எப்ப எடுத்ததுப்பா?" மதினி கேட்டாள்.

எல்லாரும் மாமா பக்கம் திரும்பினார்கள். மாமா புது வேட்டியில், மாலையோடு, நாற்காலியில். டிவியில் பெட்டி, எழுத்து, வாசுதேவநல்லூர், ஆளுயரத்துக்குப் பளிச்சென்று. அவர் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். என்னிடம் சொன்னவர்தானே.

"நீ பொறந்து வீட்டுக்கு வந்த நாளு" என்றார் மாமா. டிவியில் வண்டி வந்தது.

"வந்ததுன்னா குதிரை ஏன் அந்தப் பக்கம் பாத்து நிக்குது?" என்றாள் மதினி.

"குதிரைக்கு என்ன தெரியும்? அது எந்தப் பக்கமும் பாக்கும்" என்றார் சித்தப்பா. கூடம் சிரித்தது. அதற்குள் படம் மாறிவிட்டது. மாமாவின் அப்பா வாசற்படியில் நின்றார். "வரவேற்க நிக்காரு பாரு, எவ்வளவு கம்பீரம்" என்றது ஒரு குரல். பெட்டிமேல் குழந்தை வந்தது. மதினியின் பிள்ளைகள் கைதட்டினார்கள். மின்கம்பம் வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

அவ்வளவுதான். ஒரு மாதம் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்து நான் எடுத்த சாட்சி அந்தக் கூடத்தில் ஒரு பாயசம் ஆறும் நேரம்கூட நிற்கவில்லை. வெட்டியிருந்தாலும் இதையேதான் பார்த்திருப்பார்கள். வெட்டாமல் காட்டினேன், அப்போதும் இதையேதான் பார்த்தார்கள்.

மாமாவின் தம்ளரில் பாயசம் தளும்பி வேட்டியில் கொட்டியது. நான்தான் துணி எடுத்துப் போய்த் துடைத்தேன். குனிந்து துடைக்கும்போது என் காதருகில், "நல்லா வந்திருக்கும்மா படம்" என்றார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய வேண்டாம்.

எல்லாரும் போனபிறகு இவர், "பாத்தியா, நீதான் பெருசு பண்ணின. ஒண்ணும் ஆகல" என்றார். நாளைக் காலை எனக்கு என்ன வேலை என்று கேட்கவில்லை. நாளைக்கு என்ன டிபன் என்று கேட்டார். இட்லி என்றேன். மாவு இருக்கிறது. மத்தியானத்துக்கு இன்றைய குழம்பு மிச்சம் இருக்கிறது. மதினி இன்னும் பத்து நாள் இருக்கிறாள், அவளுக்குக் கதவு திறக்கத் தெரியும்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு மாமா எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். வாசற்படியில். வாக்கரைக் குறுக்கே வைத்துக்கொண்டு, பேப்பர்க்காரனைத் திட்டிவிட்டு, தெருவைப் பார்த்தபடி. தினமும் நிற்கிற இடம்தான். என்னைத் தடுக்க என்று நிற்கமாட்டார். சேலையையும் பையையும் பார்த்தால் நகரவும் மாட்டார். அத்தை இருந்தால் எனக்கு முன்னால் ஓடிப்போய், வேறு யாரும் வந்து நிற்க முடியாதபடி, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

அத்தை இரண்டு தடவை "போயிட்டு வாரேன் மாமா" என்று சொன்னாளாம். நான் அதைச் சொல்லப்போவதில்லை. அதற்கு ஒரு பதில் வேண்டும். பதில் வராவிட்டால் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

இங்கே பின்னறையில் ஸ்கேனரை உறைபோட்டு மூடிவிட்டேன். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. நோட்டின் தாள் படபடக்கிறது, இடது கையால் அழுத்திக்கொண்டு எழுதுகிறேன். நாளை வாசலில் நான் சொல்ல வேண்டியதைச் சத்தமாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். விசிறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

"கொஞ்சம் நகருங்க மாமா."